நோன்பு எந்தக் காலாண்டில் வந்தது? சில்லறைக் கம்பனியின் விற்பனை வளர்ச்சியைக் கணக்குப் பார்த்தல்

காத்தான்குடியில் புடவைக்கடை நடத்துகிறவரிடம் "இந்த மார்ச் வியாபாரம் போன மார்ச்சை விட எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். நேரே பதில் வராது. "போன முறை பெருநாள் எந்த மாசம்?" என்ற கேள்விதான் திரும்பி வரும். மார்ச்சோடு மார்ச்சை ஒப்பிட்டு அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நோன்போடு நோன்பை ஒப்பிடுவார். படுவான்கரையில் பலசரக்குக்கடை வைத்திருப்பவருக்கு அறுவடைதான் கணக்கு. பெரும்போக நெல் விற்ற காசு ஊருக்குள் புழங்கிய வாரங்களை, போன வருடம் அதே காசு புழங்கிய வாரங்களோடு வைத்துப் பார்ப்பார்.

கொழும்புப் பங்குச்சந்தையில் உள்ள ஒரு சில்லறைக் கம்பனியின் பழைய விற்பனை வளர்ச்சியைக் கணக்கிடவும் இந்தப் புத்திதான் வேண்டும். வகுத்தல் ஒரு நொடி வேலை. எந்த எண்ணை எந்த எண்ணால் வகுக்கிறோம் என்பதில்தான் பிழையெல்லாம் நடக்கிறது. வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் முகாமைத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்குச் சூத்திரம் மனப்பாடம். ஆண்டறிக்கையைத் திறந்து சரியான வரியைத் தொடுவது அதைவிடச் சிக்கலான வேலை.

முதலில் பங்கின் பெயரைப் பார்க்க வேண்டும். கடை வாசலில் உள்ள பெயரும் பங்குச்சந்தைப் பட்டியலில் உள்ள பெயரும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. புட் சிட்டியைப் பார்த்துப் பங்கு வாங்க நினைப்பவர் உண்மையில் வாங்குவது கார்கில்ஸ் (சிலோன்) பிஎல்சியை. அதற்குள் கொத்மலைப் பால், மெஜிக் ஐஸ்கிறீம், கிஸ்ட் ஜாம், கேஎப்சி உணவகங்கள் எல்லாம் இருக்கின்றன. கீல்ஸ் சூப்பர்மார்க்கெட் தனியாகப் பட்டியலில் இல்லை. அது ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸின் ஒரு துறை. ஹோட்டல், துறைமுகம், காப்புறுதி என்று அந்தக் குழுமம் பரந்து கிடப்பதால், அதன் மொத்த வருமானம் கூடினாலும் குறைந்தாலும் சூப்பர்மார்க்கெட்டைப் பற்றி எதுவும் தெரியாது. சிங்கர் (ஸ்ரீ லங்கா) குழுமத்துக்குள் சிங்கர் பினான்ஸ் என்ற நிதிக் கம்பனி இருக்கிறது. அதன் வட்டி வருமானமும் குழுமத்தின் மொத்த வருமானத்தில் சேர்கிறது. குளிர்சாதனப் பெட்டி விற்ற காசும் அதைத் தவணைக்குக் கொடுத்ததற்கு வாங்கிய வட்டியும் ஒரே கூடையில் கிடந்தால், வட்டிவீதம் ஏறிய வருடத்தில் 'விற்பனை' வளர்ந்ததுபோல் தெரியும்.

ஆகவே வருமானக் கூற்றின் முதல் வரியோடு நின்றுவிடக் கூடாது. கணக்குகளுக்குப் பின்னால் வரும் குறிப்புகளில் துறைவாரித் தகவல் என்று ஒரு பக்கம் இருக்கும். சில்லறைத் துறையின் வருமானத்தை அங்கிருந்து எடுக்க வேண்டும். அங்கேயும் துறையின் பெயரை நம்பி இறங்க முடியாது. ஜோன் கீல்ஸின் 'சில்லறை' என்ற துறைக்குள் சூப்பர்மார்க்கெட்டோடு அலுவலக இயந்திர வியாபாரமும் இருக்கிறது. குழுமத்துக்குள்ளேயே நடக்கும் விற்பனையையும் கவனிக்க வேண்டும். குழுமத்தின் பால் தொழிற்சாலை தன் சொந்த சூப்பர்மார்க்கெட்டுக்குப் பால் விற்றால், அது பால் துறையின் விற்பனை. குழுமக் கணக்கில் கழிபட்டுப் போகும். எல்லாத் துறைகளையும் கூட்டினால் வருமானக் கூற்றில் உள்ள எண்ணை விட அதிகமாக வருவது இதனால்தான். அந்த வித்தியாசத்தைக் கண்டு பதற வேண்டாம். 'துறைகளுக்கிடையிலான விற்பனை நீக்கம்' என்ற வரியோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் சரிபார்க்கலாம்.

அறிக்கையில் பக்கத்துப் பக்கமாக நான்கு நிரல்கள் இருக்கும்: குழுமம் இரண்டு, கம்பனி இரண்டு. அவசரத்தில் இந்த வருடக் குழும எண்ணையும் போன வருடக் கம்பனி எண்ணையும் எடுப்பவர்கள் உண்டு. கடைகளை நடத்துவது துணைக் கம்பனியாக இருந்தால், தாய்க் கம்பனியின் நிரலில் உள்ள எண் மிகச் சிறியதாக இருக்கும். எப்போதும் குழும நிரலையே எடுங்கள். அலகையும் பாருங்கள். காலாண்டு அறிக்கை ஆயிரம் ரூபாவிலும் ஆண்டறிக்கையின் முன்பக்கப் படங்கள் மில்லியனிலோ பில்லியனிலோ வரும். மூன்று பூச்சியம் தவறினால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். குழும நிரல் தவறினால் தெரியாது.

இனி ஒரு கம்பனியைக் கற்பனையில் வைத்துக்கொள்வோம். நாடு முழுக்கக் கடை வைத்திருக்கும் சூப்பர்மார்க்கெட், நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. விற்பனை மில்லியன் ரூபாவில். எண்கள் கணக்குக்காக வைத்தவை.

2019/20: 10,000
2020/21: 10,300
2021/22: 12,360
2022/23: 17,304
2023/24: 18,169
2024/25: 20,350

ஆண்டுக்கு ஆண்டு வளர்ச்சி 3, 20, 40, 5, 12 வீதம். இந்த ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 16. 'சராசரியாக 16 வீதம் வளர்ந்த கம்பனி' என்று பலர் எழுதுவது இதைத்தான். வருடம் 16 வீதப்படி 10,000ஐ ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள், 21,000 வரும். உண்மையில் வந்தது 20,350. எண்கள் ஏறி இறங்க ஏறி இறங்க, சாதாரணச் சராசரி உண்மையை விட உயரமாகவே நிற்கும்.

கூட்டு வளர்ச்சி வீதம் அந்த ஏமாற்றைத் தவிர்க்கும். கடைசி எண்ணை முதல் எண்ணால் வகுத்து, வருட இடைவெளிகளின் எண்ணிக்கையால் மூலம் எடுத்து, ஒன்றைக் கழிக்க வேண்டும்: (20,350 ÷ 10,000)^(1÷5) − 1. விடை 15.3 வீதம். இங்கே ஆறு வருடங்களின் எண்கள் இருக்கின்றன, இடைவெளி ஐந்துதான். ஆறால் மூலம் எடுத்தால் 12.6 வீதம் வந்து கம்பனிக்கு அநியாயம் நடந்துவிடும். வேலியில் ஆறு கட்டை நட்டால் நடுவில் ஐந்து இடைவெளி. அவ்வளவுதான், ஆனாலும் இந்தப் பிழை ஓயவில்லை.

கையில் எக்செல் இல்லாவிட்டாலும், சாதாரணக் கல்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தான் இருந்தால் போதும். இரண்டு வருட இடைவெளிக்கு ஒருமுறை அழுத்தவும், நான்கு வருடத்துக்கு இரண்டு முறை, எட்டு வருடத்துக்கு மூன்று முறை. 2020/21 இலிருந்து 2024/25 வரை நான்கு இடைவெளி. 20,350 ÷ 10,300 = 1.9757. ஒருமுறை அழுத்த 1.4056, மறுமுறை அழுத்த 1.1856. ஆக 18.6 வீதம்.

கவனித்தீர்களா? ஒரே கம்பனி. 2019/20இல் தொடங்கினால் 15.3 வீதம், ஒரு வருடம் தள்ளித் தொடங்கினால் 18.6, 2022/23இலிருந்து எடுத்தால் 8.4. மூன்றுமே கணக்குச் சரி. கூட்டு வீதம் இரண்டு முனைகளை மட்டும் பார்க்கிறது. நடுவில் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. தொடக்க வருடம் நோஞ்சானாக இருந்தால் வளர்ச்சி கொழுத்துத் தெரியும். தரகர் அறிக்கைகளில் 'கடந்த நான்கு வருடங்களில்' என்று பார்த்தால், ஏன் ஐந்தில்லை, ஏன் மூன்றில்லை என்று ஒருமுறை யோசியுங்கள். எங்கள் பழக்கம், மூன்று நீளங்களையும் கணக்கிட்டுப் பக்கத்தில் எழுதிவிடுவது. ஆண்டு வளர்ச்சிகளை வரிசைப்படுத்தி நடு எண்ணையும் பார்க்கலாம். 3, 5, 12, 20, 40 என்ற வரிசையில் நடுவில் இருப்பது 12. 15க்கும் 18க்கும் இல்லாத நிதானம் அந்த 12க்கு இருக்கிறது.

அந்த 40 வீத வருடத்துக்கு வருவோம். இலங்கையின் பெரிய சூப்பர்மார்க்கெட் சங்கிலிகளை எடுத்தால் 2022/23இல் இப்படியொரு பாய்ச்சல் தெரியும். அந்த வருடம் நாங்கள் எல்லோரும் கடைக்குப் போனோம், விலை தெரியும். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 2022 ஏப்ரலில் 29.8 வீதம், செப்டெம்பரில் 69.8 வீதம், 2023 மார்ச்சில் 50.3 வீதம். உணவுப் பணவீக்கம் மட்டும் அந்தச் செப்டெம்பரில் 94.9 வீதம். அந்த நிதியாண்டின் பன்னிரண்டு மாத வீதங்களையும் சராசரி எடுத்தால் 55 வீதத்தை ஒட்டி வரும்.

விற்பனை 40 வீதம் கூடியது, விலை 55 வீதம் கூடியது. கழித்தால் −15. இந்தக் கழித்தல் பணவீக்கம் 4, 5 வீதமாக இருந்த காலத்தில் பரவாயில்லை. 55இல் உடைந்துபோகும். வகுக்க வேண்டும்: 1.40 ÷ 1.55 = 0.903. அதாவது உண்மையான விற்பனை 9.7 வீதம் குறைந்தது. ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் 'சாதனை வருடம்' என்று அச்சிட்ட அதே வருடம், கடைக்குள்ளிருந்து வெளியே போன பொருள் பத்தில் ஒரு பங்களவு குறைந்திருக்கிறது. 2023/24இல் அந்தச் சராசரி 9 வீதமளவு. விற்பனை 5 வீதம்தான் கூடியதென்றால் அதுவும் உண்மையில் 3.7 வீத இறக்கம். 2024/25இல் செப்டெம்பர் தொடக்கம் பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே போய், வருடச் சராசரியும் ஒரு வீதத்துக்குக் குறைவான இறக்கமாகவே முடிந்தது. ஆகவே அந்த வருடத்தின் 12 வீதம் முழுவதும் சதை, சற்றுக் கூடவும் இருக்கும். 40ஐ விட 12 பெரிதாக இருந்த வருடம் அது.

ஐந்து வருடத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் விலைகள் ஏறக்குறைய 1.9 மடங்காகின. விற்பனை 2.035 மடங்கு. ஒன்றை ஒன்றால் வகுத்தால் 1.07. வருடத்துக்கு 1.4 வீதமளவுதான் வருகிறது. 15.3 வீதம் என்று சொல்லி விற்கப்படும் வளர்ச்சியின் உள்ளே இருந்தது அவ்வளவுதான்.

விலையைக் கழற்றும்போது சில இடங்களில் சறுக்கும். ஒன்று, கடைசி மாத வீதத்தை எடுத்து முழு வருடத்துக்கும் போடுவது. மார்ச் 31இல் முடியும் வருடத்துக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரையான பன்னிரண்டு சுட்டெண்களின் சராசரியை, முந்தைய பன்னிரண்டின் சராசரியால் வகுப்பதே சரியான முறை. மற்றொன்று, 2023 தொடக்கத்தில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் இந்தச் சுட்டெண்ணின் அடிப்படை ஆண்டை 2013இலிருந்து 2021க்கு மாற்றியது. பழைய தொடரின் எண்ணையும் புதிய தொடரின் எண்ணையும் அப்படியே வகுத்தால் விலை இறங்கிவிட்டதுபோல் ஒரு விடை வரும். இரண்டு தொடரிலும் எண் உள்ள ஒரு மாதத்தை எடுத்து, அந்த விகிதத்தால் பழைய எண்களைப் பெருக்கிப் புதிய தொடருக்குக் கொண்டுவர வேண்டும்.

வற் எனப்படும் பெறுமதி சேர் வரி இன்னும் நுணுக்கமானது. கம்பனி காட்டும் வருமானத்தில் வற் இல்லை. அது அரசுக்குப் போகும் காசு. விலைச் சுட்டெண்ணில் வற் இருக்கிறது, ஏனென்றால் வாங்குகிறவர் அதையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். வற் 2019 டிசெம்பர் 1இல் 8 வீதமாகக் குறைந்தது, 2022 ஜூனில் 12, அதே செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. எட்டிலிருந்து பதினைந்துக்குப் போனபோது 108 ரூபாப் பொருள் 115 ஆகிறது, 6.5 வீத ஏற்றம். அந்த ஏற்றம் சுட்டெண்ணில் விழுகிறது, கம்பனியின் விற்பனையில் விழுவதில்லை. ஆகவே சுட்டெண்ணால் வகுக்கும்போது வரி ஏறிய வருடங்களில் கம்பனியைக் கொஞ்சம் அதிகமாகவே தண்டிக்கிறோம். மேலே சொன்ன 9.7 வீத இறக்கத்தைக் கல்லில் செதுக்கிய எண்ணாக எடுக்க வேண்டாம். திசையும் பருமனும்தான் முக்கியம். சனம் விலை குறைந்த சவர்க்காரத்துக்கும் சிறிய பைக்கற்றுக்கும் மாறியதையும் சுட்டெண் முழுமையாகப் பிடிப்பதில்லை.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி ஊரில் உள்ள உறவினர் பெயரில் பங்கு வாங்குகிறவர்களுக்கு டொலர் கணக்கு வேறு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. டோஹாவிலிருந்து பார்ப்பவருக்கு அந்த 40 வீதமும் இறக்கம்தான்.

விலைக்கு அடுத்தது கடை எண்ணிக்கை. புதிய கிளை திறந்தால் விற்பனை கூடும். அதற்குக் கெட்டித்தனம் தேவையில்லை, கடன் போதும். நம் கம்பனியிடம் 2023/24 தொடக்கத்தில் 100 கடை, முடிவில் 104, 2024/25 முடிவில் 116 என்று வைப்போம். சராசரி 102இலிருந்து 110க்குப் போகிறது, 7.8 வீத ஏற்றம். விற்பனை 12 வீதம் கூடியது. 1.12 ÷ 1.078 = 1.039. ஒரு கடைக்கு 3.9 வீதம்தான் கூடியிருக்கிறது. மிச்சம் புதுச் சுவர்களும் புதுக் குளிரூட்டிகளும் கொண்டுவந்தவை.

தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் சராசரி எடுப்பதில் ஒரு கோளாறு. பன்னிரண்டு கடையையும் பெப்ரவரிக் கடைசியில் திறந்திருந்தால், 110 என்ற சராசரி பொய். அவை ஒரு மாதம்தான் விற்றிருக்கும். நான்கு காலாண்டு முடிவுகளும் தொடக்க எண்ணுமாக ஐந்து புள்ளிகளைச் சராசரி எடுப்பது மேல். கடையின் அளவும் கணக்கு. பெரிய கடையை மூடிவிட்டு எரிபொருள் நிலையத்தோடு ஒட்டிய சிறு கடை இரண்டு திறந்தால் எண்ணிக்கை கூடும், தரைப்பரப்புக் குறையும். சதுர அடி எண்ணைக் கம்பனி வெளியிட்டால் கடை எண்ணிக்கையை விட அதையே எடுங்கள்.

இந்தச் சிக்கலையெல்லாம் ஒரே அடியில் தீர்க்கும் எண் 'ஒரே கடை விற்பனை வளர்ச்சி'. இரண்டு காலத்திலும் முழுமையாகத் திறந்திருந்த கடைகளை மட்டும் ஒப்பிடுவது. ஜோன் கீல்ஸ் தன் காலாண்டு அறிக்கைகளில் சூப்பர்மார்க்கெட்டுக்கு இதையும், கடைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை மாற்றத்தையும் சொல்வது வழக்கம். வந்தவர் எண்ணிக்கை ஒரு பக்கம், ஒருவரின் பில் தொகை மறுபக்கம். இரண்டையும் பெருக்கினால் ஒரே கடை விற்பனை. வந்தவர் கூடியிருந்து பில் குறைந்திருந்தால், விலை இறங்கியிருக்கலாம் அல்லது சனம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறது. பில் மட்டும் ஏறியிருந்தால் முதலில் பணவீக்கத்தைச் சந்தேகியுங்கள். எந்தக் கடையை 'ஒரே கடை' என்று சேர்ப்பது என்பதைக் கம்பனிகள் தங்கள் விருப்பப்படி வகுக்கின்றன. திருத்த வேலைக்கு மூடிய கடையைச் சிலர் நீக்குவார்கள், சிலர் நீக்கமாட்டார்கள். எனவே இரண்டு கம்பனிகளின் எண்ணை நேருக்கு நேர் வைக்காமல், ஒரே கம்பனியின் எண்ணைக் காலத்தோடு ஒப்பிடுவது பாதுகாப்பு.

மட்டக்களப்புக் கிளையிலோ கல்முனைக் கிளையிலோ வரிசை நிற்கிறதே என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது ஒரு கிளையின் செய்தி. நாடளாவிய சங்கிலியின் கடைகளில் பெரும்பகுதி மேல் மாகாணத்தில். மாசி பங்குனியில் நம் பக்கம் நெல் விலை நன்றாக இருந்தது என்பது அந்தக் கம்பனியின் மொத்த எண்ணை அசைக்காது.

பழைய எண்களைச் சேர்க்கும்போது இன்னொரு பொறி காத்திருக்கிறது. இந்த வருட அறிக்கையில் 'போன வருடம்' என்று போட்டிருக்கும் எண், போன வருட அறிக்கையில் இருந்த எண்ணாக இல்லாமல் இருக்கலாம். தலைப்பின் கீழ் 'மீளக்கூறப்பட்டது' என்று சிறிய எழுத்தில் இருக்கும். ஒரு பிரிவை விற்றிருப்பார்கள் அல்லது வருமானத்தைக் காட்டும் முறையை மாற்றியிருப்பார்கள். பழைய அறிக்கை 500 என்கிறது. புதிய அறிக்கை அதே வருடத்தை 460 என்றும் இந்த வருடத்தை 552 என்றும் காட்டுகிறது. 552 ÷ 500 என்றால் 10.4 வீதம், 552 ÷ 460 என்றால் 20 வீதம். இரண்டாவதே ஒப்பிடத்தக்கது. விதி இதுதான்: ஒவ்வொரு வருட வளர்ச்சிக்கும் இரண்டு எண்ணையும் ஒரே அறிக்கையிலிருந்து எடுக்கவும். அப்படி எடுத்த வளர்ச்சிகளை ஒன்றோடொன்று பெருக்கிச் சங்கிலியாக்கி, பிறகு மூலம் எடுக்கலாம். ஆண்டறிக்கையின் கடைசியில் உள்ள பத்தாண்டுச் சாராம்சம் வசதியானது. ஆனால் அதில் எந்த வருடம் மீளக்கூறப்பட்டது, எது பழையபடி விடப்பட்டது என்று பெரும்பாலும் சொல்லியிருக்காது. சரிபார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

வருமானத்தைக் காட்டும் முறை மாறுவது பற்றி: வாடிக்கையாளர் ஒப்பந்த வருமானத்துக்கான கணக்கீட்டு நியமம் 15, 2018 ஜனவரி 1இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கடைக்குள் வேறொருவர் வாசனைத் திரவியக் கவுண்டர் வைத்திருந்தால், கடைக்காரர் முகவராக இருக்கும் பட்சத்தில் தரகுக்காசு மட்டுமே வருமானம். 1,000 ரூபா விற்று 200 ரூபா தரகு என்றால், எழுதுவது 200. சரக்கைச் சொந்தமாக வாங்கி விற்ற கடை அந்த ஏற்பாட்டுக்கு மாறினால், ஒரு வாடிக்கையாளரும் குறையாமலே விற்பனை ஐந்திலொன்றாகும். புள்ளி அட்டையில் கொடுக்கும் புள்ளிகளின் பெறுமதியும் விற்ற அன்றே வருமானமாகாது, புள்ளி பயன்படும்வரை ஒத்திவைக்கப்படும். குத்தகைக்கான நியமம் 16 விற்பனையைத் தொடுவதில்லை. இலாபத்தை ஒப்பிடும்போதுதான் அது குறுக்கே வரும்.

நிதியாண்டை டிசெம்பரிலிருந்து மார்ச்சுக்கு மாற்றும் கம்பனி ஒருமுறை 15 மாத அறிக்கை வெளியிடும். 15ஆல் வகுத்து 12ஆல் பெருக்குவது சுலபம், ஆனால் பிழை. சில்லறை வியாபாரத்தில் டிசெம்பரும் ஏப்ரல் முற்பகுதியும் மற்ற மாதங்களைப் போலவா? காலாண்டு எண்களை எடுத்து, பழைய வருடங்களையும் ஏப்ரல்–மார்ச் ஆக மீண்டும் அடுக்குங்கள். மூன்று மணித்தியாலம் போகும், போகட்டும். நான்காம் காலாண்டின் எண் தனியாகக் கிடைக்காவிட்டால் முழு வருடத்திலிருந்து ஒன்பது மாதத்தைக் கழிக்கலாம். கணக்காய்வில் செய்த திருத்தங்களெல்லாம் அந்தக் கடைசிக் காலாண்டின் தலையில்தான் விழும் என்பதை மறக்க வேண்டாம்.

வருட நடுவில் நிற்கும்போது கடைசிப் பன்னிரண்டு மாத விற்பனை உதவும். முழு வருடம் 20,350, இந்த அரையாண்டு 11,000, போன அரையாண்டு 9,800 என்றால் 20,350 + 11,000 − 9,800 = 21,550. இதை முந்தைய பன்னிரண்டு மாதத்தோடு ஒப்பிட வேண்டும். 20,350ஓடு ஒப்பிட்டால் பாதி மாதங்கள் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும், வளர்ச்சி பாதியாகத் தெரியும்.

காலாண்டை எப்போதும் போன வருடத்தின் அதே காலாண்டோடு வைக்க வேண்டும் என்பது தெரிந்ததே. இலங்கையில் அதுவும் போதாது. ஏப்ரல்–ஜூன் காலாண்டை எடுங்கள். 2021இல் வளர்ச்சி பெரிதாகத் தெரியும், 2020இல் ஊரடங்கு. அப்படியானால் 2019ஓடு ஒப்பிடலாம் என்றால், அது ஏப்ரல் 21 குண்டுவெடிப்பு நடந்த காலாண்டு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு இங்கே கடைத்தெரு எப்படி இருந்தது என்று யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. 2021 ஏப்ரல்–ஜூனிலும் மே 21இலிருந்து ஒரு மாதம் பயணத்தடை. 2022இல் எரிபொருள் வரிசை. 2018க்கும் 2023க்கும் நடுவே சாதாரணமான ஏப்ரல்–ஜூன் ஒன்றுகூட இல்லை. அந்த இடைப்பட்ட காலாண்டுகளின் வளர்ச்சி வீதத்தை வைத்து எதிர்காலத்தைக் கணிப்பவர், கணிப்பது வளர்ச்சியை அல்ல, ஊரடங்கை. 2018ஐயும் 2023ஐயும் நேரே எடுத்து, ஐந்து இடைவெளிக்கு மூலம் எடுத்து, விலையைக் கழற்றுவதே மேல். 2024 ஜனவரி–மார்ச்சுக்கு பெப்ரவரி 29 என்று ஒரு நாள் கூட, 1.1 வீதம். சிறிய எண்தான், ஆனால் ஒரே கடை வளர்ச்சி 3 வீதம் என்று பெருமைப்படும் காலாண்டில் அது மூன்றில் ஒரு பங்கு.

விற்பனை வளர்ச்சியைப் பார்த்துவிட்டுப் பங்கு வாங்குமுன் இரண்டு விரைவான சோதனைகள். கம்பனி உரிமைப் பங்கு (இருக்கும் பங்குதாரருக்கே விற்கும் புதிய பங்கு) வெளியிட்டிருந்தால் பங்கொன்றுக்கான விற்பனையைப் பாருங்கள். விற்பனை 12 வீதம் கூடிப் பங்குகள் 20 வீதம் கூடியிருந்தால், உங்கள் பங்கின் பின்னால் நிற்கும் விற்பனை 6.7 வீதம் குறைந்திருக்கிறது. பங்குப் பிரிப்பு நடந்திருந்தால் பழைய எண்ணிக்கையையும் அதே விகிதத்தில் பெருக்க வேண்டும். இரண்டாவது, கைக்காசுக்கு விற்கும் சூப்பர்மார்க்கெட்டில் வரவேண்டிய கடன் விற்பனையை விட வேகமாகக் கூடினால், யாருக்கு எதைக் கடனுக்கு விற்கிறார்கள் என்று குறிப்புகளில் தேடுங்கள்.

கடைசியாக நோன்பு. உடுப்பும் செருப்பும் விற்கும் கம்பனியாக இருந்தால் இது சில்லறை விசயமல்ல. பெருநாள் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்கிறது. வியாபாரம் குவிவது நோன்பின் கடைசிப் பத்து நாளில். 2022 பெருநாள் மே 3, 2023இல் ஏப்ரல் 22. இரண்டும் ஏப்ரல்–ஜூன் காலாண்டிலேயே விழுந்தன. 2024இல் ஏப்ரல் இரண்டாம் வாரம், கடைசிப் பத்து ஏறத்தாழ முழுவதும் ஏப்ரலில். 2025இல் பெருநாள் மார்ச் 31. அந்த நோன்பு மார்ச் 2இல் தொடங்கி ஜனவரி–மார்ச் காலாண்டுக்குள்ளேயே முடிந்துவிட்டது. ஆகவே 2025 ஜனவரி–மார்ச் எண் பூரித்துத் தெரியும், அடுத்து வரும் ஏப்ரல்–ஜூன் வாடித் தெரியும். இரண்டு காலாண்டையும் கூட்டி, போன வருடத்தின் அதே இரண்டோடு ஒப்பிட்டால் காலாண்டுக் குழப்பம் போய்விடும்.

வருடக் குழப்பம் போகாது. மார்ச்சில் முடியும் 2024/25 நிதியாண்டுக்குள் 2024 பெருநாளும் இருக்கிறது, 2025 பெருநாளும் இருக்கிறது. அதற்கு முந்தைய வருடத்துக்கு ஒன்றுதான். 2026இல் பெருநாள் மார்ச் மூன்றாம் வாரத்தில் என்பதால் 2025/26க்கும் ஒன்றுதான். உங்கள் அட்டவணையில் விற்பனைக்கும் வளர்ச்சிக்கும் பக்கத்தில் ஒரு நிரல் சேர்த்து 1, 1, 2, 1 என்று எழுதி வையுங்கள். 2025/26 அறிக்கை வரும்போது உடுப்புக்கடைப் பங்கொன்றில் வளர்ச்சி தேய்ந்துவிட்டதாக யாராவது சொன்னால், முதலில் அந்த நிரலைப் பார்க்கலாம்.